மாமியின் மிட்சேஃபும் சலவை சோடாவும்

போன ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்திலிருந்து மாமி ஃபோன் பண்ணினார். குழந்தைகள் படிப்பு, வீட்டுக்காரியின் முட்டிவலி, கொல்கத்தா வெயில் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "ஏண்டா, என் அலமாரி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமி" என்றேன்.

பொய். அலமாரியின் இடது கதவை நான் ஏற்கெனவே நாசம் பண்ணியிருந்தேன். அதுவும் சும்மா இல்லை, பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படித்தவன் என்கிற மண்டைக்கனத்தோடு நாசம் பண்ணியிருந்தேன். பிறகு உட்கார்ந்து படித்ததையும், விசாரித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். மரச்சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பது பற்றி இவ்வளவு நீளமாகவா என்று நினைப்பவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம். ஆனால் பிசுக்குக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் துணியை எடுத்ததுதான் நான் செய்த தப்பு.

முதலில் அலமாரி. மாமி கல்யாணமாகி 1968-ல் கொல்கத்தா வந்தவர். லேக் மார்க்கெட் பக்கம், நம்மவர்கள் கூட்டமாக இருந்த தெருவில் குடித்தனம். மாமா அடுத்த வருஷம் பௌபஜாரில் செகண்ட் ஹாண்டாக வாங்கிப்போட்ட தேக்கு அலமாரி இது. அப்போதே அது பழசு. நாற்பத்தெட்டு வருஷம் இங்கே வாழ்ந்துவிட்டு 2016-ல் ஊருக்குத் திரும்பும்போது, "லாரி வாடகைக்குப் புது அலமாரியே வாங்கலாம், நீ வெச்சுக்கோ" என்று எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆள் உயரம் இருக்காது, நெஞ்சளவுதான். இரண்டு கதவு. கதவின் மேல்பாதியிலும் பக்கவாட்டிலும் கம்பி வலை. உள்ளே மூன்று தட்டு. நான்கு காலுக்கும் கீழே கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் எறும்பு ஏறாது. நம் ஊரில் வலை அலமாரி என்போம். வங்காளிகள் இதை 'மிட்சேஃப்' என்பார்கள். மீட் சேஃப் என்ற ஆங்கிலச் சொல் நாக்கில் உருண்டு அப்படி ஆனது. வெங்காயம்கூட நாள் பார்த்துச் சமைக்கிற மாமி வீட்டில் நாற்பத்தேழு வருஷம் ஒரு மாமிசப் பெட்டிதான் பால், தயிர், தோசைமாவு எல்லாவற்றையும் காத்தது :-)

ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன் இங்கிலாந்தில் இறைச்சியை ஈ, எலியிடமிருந்து காப்பாற்றக் காற்றோட்டமாகச் செய்த பெட்டி அது. வெள்ளைக்காரர்களோடு இங்கே வந்து பங்களா சமையலறையில் இருந்தது, பிறகு குமாஸ்தா வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. யோசித்துப் பாருங்கள், நம் பழைய அடுக்களையில் மரச்சாமான் என்றால் என்னென்ன? மணைப்பலகை, மத்து, அஞ்சறைப்பெட்டி, அரிவாள்மனையின் கட்டை. எல்லாம் பாலீஷ் போடாத வெறும் மரம். தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தால் முடிந்தது. மற்றவை எல்லாம் உறியிலும் பரணிலும். பாலீஷ் போட்ட, பளபளக்கிற மரம் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது என்பது காலனிய காலத்துச் சமாசாரம். கோத்ரெஜ் 1958-ல் இந்தியாவில் ஃப்ரிட்ஜ் செய்ய ஆரம்பித்தாலும், அது நம்மைப் போன்ற வீடுகளுக்கு வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. அதுவரை இந்த அலமாரிதான் அடுப்புக்கு நாலடி தள்ளி நின்று எல்லாப் புகையையும் வாங்கிக்கொண்டது.

சரி, என்ன புகை?

கொல்கத்தாவின் அடுப்பு நிலக்கரி அடுப்பு. ராணிகஞ்சில் கரி வெட்ட ஆரம்பித்தது 1774-ல். 1855-ல் ராணிகஞ்ச் வரை ரயில் போட்டதும் ஊருக்குள் கரி தாராளமாக வந்தது. மண் பூசிய வாளியில் கரி போட்டு, வரட்டி வைத்துப் பற்றவைப்பார்கள். கரித்தூளை மண்ணோடு பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைப்பதற்கு 'குல்' என்று பெயர். மாமியும் முதல் சில வருஷங்கள் குல் பிடித்தவர்தான். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்புப் பற்றவைப்பார்களாம். குளிர்காலத்தில் அந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளுமாம். "எதிர் வீட்டு விளக்கே தெரியாதுடா" என்பார் மாமி.

இந்த ஊரில் புகைக்கு எதிராக 1905-லேயே ஒரு சட்டம் வந்தது. வங்காளப் புகைத்தொல்லைச் சட்டம். ஆலைகளின் உலைகள்தான் அதன் குறி. பிணம் எரிக்கும் இடத்தையும் வீட்டு அடுப்பையும் சட்டம் விட்டுவிட்டது. ஆக, ஆலைப் புகைக்கு இன்ஸ்பெக்டர் இருந்தார், அடுக்களைப் புகைக்குப் பெண்களின் நுரையீரலும் இந்த மாதிரி அலமாரிகளும் மட்டும்தான் இருந்தன.

கரிப்புகை படிந்தால் வெறும் கறுப்புத் தூளாக நிற்காது. சரியாக எரியாத நிலக்கரியிலிருந்து தார் போன்ற பொருளும் ஆவியாக வரும். அது ஆறி மரத்தில் ஒட்டும், அதன்மேல் கரித்தூள் ஒட்டும். அலமாரியின் அடியடுக்கு அழுக்கு இதுதான்.

அதற்கு மேல் எண்ணெய். இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது.

கல்லூரியில் 'அயோடின் எண்' என்று ஒன்று படித்தேன். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிட்டேன். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை உறிஞ்சும் என்ற கணக்கு. 1884-ல் ஹ்யூப்ல் என்ற ஆஸ்திரியர் கொடுத்த முறை. எண் அதிகமானால் அந்த எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டிப்படும் குணமும் அதிகம். ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். அதனால்தான் ஐரோப்பிய ஓவியர்கள் வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தார்கள். அது 'உலர்வது' தண்ணீர் ஆவியாவது போல இல்லை. எண்ணெயே காற்றோடு சேர்ந்து ஒரு தோலாக மாறுகிறது.

இப்போது நம் சமையலறைக்கு வாருங்கள். தேங்காய் எண்ணெய்க்கு இந்த எண் சுமார் 8, 9. கடலை எண்ணெய்க்கு 85 முதல் 100-க்குள். கடுகெண்ணெய் 100-ஐ ஒட்டி. நல்லெண்ணெய் 105 முதல் 115. சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் 120, 130 வரைக்கும் தாராளமாகப் போகும். தேங்காய் எண்ணெய் தெறித்த பலகையை எத்தனை வருஷம் கழித்துத் துடைத்தாலும் எண்ணெயாகவே வரும். சூரியகாந்தி எண்ணெய் தெறித்த பலகை அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாகப் பறந்துபோய் மெல்லிய படலமாக உட்கார்ந்து, அடுப்புச் சூட்டில், மாதக்கணக்கில் காற்றைக் குடித்து, விரலில் ஒட்டுகிற மஞ்சள் பிசினாக மாறும். கடைசியில் நகத்தால் சுரண்டினாலும் வராத தோலாகும்.

அதாவது பிசுக்கு என்று நாம் திட்டுவது பாதி வழியில் நிற்கிற வார்னிஷ். தினமும் பூரி பொரிக்கும்போது அலமாரிக்கு நாமே ஒரு கோட் வார்னிஷ் அடிக்கிறோம்.

நம் வீடுகளில் இந்த வார்னிஷ் ரகம் மாறியதற்கும் வருஷக் கணக்கு இருக்கிறது. 1937-ல் டால்டா வந்தது, அது கெட்டிக் கொழுப்பு, அவ்வளவாக உலராது. எண்ணெய்ப் பயிராகச் சூரியகாந்தி இந்தியாவுக்கு வந்தது 1969-ல், சோவியத் ரகங்களோடு. 1980களின் கடைசியில் 'இதயத்துக்கு நல்லது' என்று விளம்பரத்தோடு ரீஃபைண்டு எண்ணெய் பாக்கெட்டுகள் வீடுகளுக்குள் வந்தன. 1994-ல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. அதற்குப் பின் வெளிநாட்டு எண்ணெய்தான் நம் வாணலியில் பெரும்பாலும். என் அம்மா "அந்தக் காலத்துல இவ்ளோ பிசுபிசுப்பு கிடையாது" என்று சொல்லும்போதெல்லாம், வயதானவர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று நினைத்திருக்கிறேன். அவர் சொன்னதில் கெமிஸ்ட்ரி இருந்திருக்கிறது.

வங்காளிகள் கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சிவிட்டுத்தான் மீனைப் போடுவார்கள், காட்டம் குறைவதற்காக. எண்ணெய் அவ்வளவு சூடாகும்போது ஆவியும் துளியும் நிறையப் பறக்கும். மாமா வாங்குவதற்கு முன் இந்த அலமாரி எந்த வங்காளி வீட்டில் இருந்ததோ, அவர்களின் மீன் வறுவலும் இதில் ஒரு அடுக்கு. அதற்கு மேல் மாமியின் நல்லெண்ணெயும் கடலெண்ணெயும். இந்தேன் நிறுவனத்தின் முதல் கேஸ் இணைப்பு 1965-ல் இந்தக் கொல்கத்தாவில்தான் கொடுக்கப்பட்டது என்றாலும், மாமி வீட்டுக்கு கேஸ் வந்தது 1977-ல். அன்றோடு கரி நின்றது, எண்ணெய் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே எங்களுடைய சூரியகாந்தி.

இனி இதைத் துடைக்கிற கதை.

மனிதன் பிசுக்கு எடுக்கக் கண்டுபிடித்த முதல் மருந்து அடுப்புக்குள்ளேயே இருந்தது. சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது காரம், எண்ணெயைத் தாக்கிக் கொஞ்சம் சோப்பாக மாற்றும். கெமிஸ்ட்ரியில் காரத்துக்குச் சொல்லும் 'ஆல்கலி' என்ற சொல்லே சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவிக்குப் போட்ட உவர்மண்ணில் இருப்பது அதன் தம்பி, சோடியம் கார்பனேட். வடக்கே அதையே சஜ்ஜி என்பார்கள். பித்தளைப் பாத்திரத்தின் களிம்புக்குப் புளி, எண்ணெய்க்குச் சாம்பல் என்று பிரித்து வைத்திருந்தார்கள் நம் பாட்டிகள். புளி அமிலம், உலோகக் களிம்பைக் கரைக்கும். சாம்பல் காரம், கொழுப்பை எடுக்கும். ஆளுக்கொரு வேலை.

சோடாவை ஆலையில் செய்யும் வழியை பிரான்சில் லெப்லாங் 1791-ல் கண்டுபிடித்தார். உப்பிலிருந்து சோடா. 1860களில் பெல்ஜியத்தின் சால்வே அதைவிட மலிவான வழி கண்டார். சோடா மலிந்தது, சோப்பு மலிந்தது. 1888-ல் 'சன்லைட்' சோப்புப் பெட்டிகள் வந்து இறங்கியது வேறெங்கும் இல்லை, இதே கல்கத்தா துறைமுகத்தில்தான். 1939-ல் குஜராத்தின் மிதாப்பூரில் டாடா கெமிக்கல்ஸ் தொடங்கியது, சோடா உள்ளூர்ச் சரக்காயிற்று. 1959-ல் சர்ஃப். 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் கலந்து சைக்கிளில் விற்ற நிர்மா. அந்த மஞ்சள் பொடியில் பெரும்பகுதி சோடா சாம்பல்தான். கை எரிந்தாலும் பிசுக்கு போனது. சாம்பலில் ஆரம்பித்து நிர்மாவரை மருந்து ஒன்றே, பாக்கெட்டுதான் வேறு.

பாத்திரத்துக்கும் துணிக்கும் இது சரி. தரைக்கும் சரி. மரத்துக்கு?

நான் செய்தது இதுதான். ஒரு சனிக்கிழமை மதியம். வாளியில் வெந்நீர், இரண்டு கைப்பிடி சலவை சோடா, பாத்திரம் தேய்க்கிற நார். 'காரம் கொழுப்பைச் சோப்பாக்கும்' என்று வீட்டுக்காரிக்கு லெக்சர் வேறு. இடது கதவில் ஆரம்பித்தேன். அடடா, என்ன வேகத்தில் இறங்கியது! நாரில் செம்பழுப்பாக, கொஞ்சம் ஊதா கலந்தாற்போல வழிந்தது. "பார்த்தியா, ஐம்பது வருஷ அழுக்கு" என்று பெருமையடித்தேன். மூன்று வாளி தண்ணீர் மாற்றினேன்.

காய்ந்ததும் பார்த்தால் கதவு செத்த மீன் மாதிரி இருந்தது. வெளுத்து, திட்டுத்திட்டாக, தடவினால் நார் குத்தியது. வலது கதவு அழுக்காக இருந்தாலும் உள்ளே ஒரு செந்நிறம் மினுங்கியது. இடது கதவில் அது இல்லை. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

வழிந்த செம்பழுப்பு அழுக்கு இல்லை. பாலீஷ்.

என்ன பாலீஷ் என்பதற்கு ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. கொல்கத்தாவிலிருந்து ஓரிரவு ரயில் தூரத்தில் புருலியா மாவட்டம். அங்கே பலராம்பூர் அரக்கு ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அரக்கு மாளிகைக் கதை நமக்கெல்லாம் தெரியும், அதே அரக்கு. புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளையில் ஒரு சின்னப் பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடித்துத் தன்னைச் சுற்றிச் சுரக்கும் பிசின். கிளையிலிருந்து சுரண்டி, நொறுக்கி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் தச்சர்கள் வாங்குகிற அரக்குச் சில்லு. இங்கே அதை 'காலா' என்பார்கள். முதலில் வெள்ளைக்காரனுக்கு இதிலுள்ள சிவப்புச் சாயம்தான் வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயங்கள் வந்ததும் சாயம் படுத்தது, பிசின் எழுந்தது. மரச்சாமான் பாலீஷ், பிறகு கிராமஃபோன் இசைத்தட்டு. ராஞ்சியை அடுத்த நாம்குமில் இதற்கென்றே 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். வேறு பெயரில் இன்றும் இருக்கிறது.

இந்த அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைத்து, துணிப்பொதியால் மெல்லிய கோட்டாக நூறு முறை தேய்த்தால் வருவதுதான் ஃப்ரெஞ்சு பாலீஷ். நம் ஊர் ஆசாரிகளும் ஸ்பிரிட் பாலீஷ் என்று இதைத்தான் போட்டார்கள். பாலியூரித்தேன், மெலமைன் எல்லாம் வருவதற்கு முன் இந்திய வீடுகளில் பளபளத்த மரச்சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் மேல்தோல்.

அரக்கின் ஜாதகத்தை இப்போது பாருங்கள். டர்பன்டைனில் கரையாது. மண்ணெண்ணெயில் கரையாது. ஸ்பிரிட்டில் உடனே கரையும். சோடா கரைத்த தண்ணீரிலும், அதுவும் சூடாக இருந்தால், அழகாகக் கரையும். காரம் பட்டால் ஊதா சாயல் காட்டும். ஆலையில் அரக்கிலிருந்து சாயத்தைக் கழுவி எடுக்கவே தண்ணீரில் கொஞ்சம் சோடா போடுவார்கள். ஆக, நான் அலமாரியைச் சுத்தம் செய்யவில்லை. பலராம்பூர்க்காரர்கள் செய்வதைத் தலைகீழாகச் செய்து, வாளியோடு சாக்கடையில் கொட்டியிருக்கிறேன்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. அலமாரி மேல் இரண்டு தோல். ஒன்று ஆசாரி போட்டது, இன்னொன்று அடுப்பு போட்டது. மேல்தோலை எடுக்கவேண்டும், கீழ்த்தோல் போகக்கூடாது. எவ்வளவு அழுத்தித் தேய்ப்பது, எந்தப் பொடி என்பதெல்லாம் அப்புறம். எது எதில் கரையும் என்பதுதான் முதல் கேள்வி. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவர்கள் படுகிற பாடும் இதேதான். பாட்டிகளின் சாம்பலில் தப்பில்லை, அவர்கள் மரத்துக்குப் பாலீஷே கிடையாது. பாத்திர வைத்தியத்தைப் பாலீஷ் மரத்துக்குக் கொண்டுவந்ததுதான் தப்பு. பாத்திரப் பொடி மட்டும் இல்லை. 2020-ல் கொரோனாவுக்குப் பயந்து சானிடைசரால் மேஜை நாற்காலியைத் துடைத்து, பாலீஷ் ஒட்டிப் பிசுபிசுத்த வீடுகளில் நடந்ததும் இதே கதை. சானிடைசரில் இருப்பது ஆல்கஹால், அரக்குக்கு அது எமன்.

வலது கதவுக்கு என்ன செய்தேன்?

பௌபஜாரில் மரவேலை செய்யும் வயதான மிஸ்திரி ஒருவரைப் பிடித்தேன். கதவைப் பார்த்ததுமே "சோடா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னதும், அதற்குப் பின் நான் செய்து பார்த்ததும் இவ்வளவுதான்.

முதலில் உங்கள் மரத்தின் மேல்தோல் எது என்று பாருங்கள். கதவின் உள்விளிம்பு மாதிரி கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். ஒட்ட ஆரம்பித்தால் அரக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் அநேகமாகப் பிற்கால வார்னிஷ். சன்மைக்கா ஒட்டிய இன்றைய மாடுலர் கிச்சன் என்றால் இந்தக் கவலையே இல்லை, பாத்திர சோப்பே போதும். விளிம்பில் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

அரக்கு என்றால், முதல் நாள் வெறும் உலர்ந்த துணியும் பழைய பல்தேய்ப்பு பிரஷும். தூசியும் கரியும் எடுத்த பிறகுதான் ஈரம். ஈரம் பட்ட கரி மரத்துக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது டர்பன்டைன், பெயின்ட் கடையில் கிடைக்கும். முன்பு ரேஷன் மண்ணெண்ணெயால் செய்த வேலை இது. இப்போது நகரங்களில் மண்ணெண்ணெயைத் தேடிப் பிடிக்கவேண்டும். துணியில் தொட்டு ஒரு சாண் இடத்தில் தடவி, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, வேறு துணியால் துடைக்கவேண்டும். ஒரே தேய்ப்பில் வராது. கெட்டித்தோலாகிவிட்ட பிசுக்கு மெதுவாக இளகும், மூன்று நான்கு தடவை ஆகும். சமையல் வேலை முடிந்து, கேஸை சிலிண்டரிலேயே மூடி, சாமி விளக்கையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் திணிக்காதீர்கள். எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு வரும். சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

கடைசியாக, மீந்த பிசுபிசுப்புக்கு மிஸ்திரி சொன்னது ரீட்டா. கரியாஹாட் சந்தையில் வாங்கிவந்து பார்த்தால் நம் பூந்திக்கொட்டை! சீயக்காய்க்கு அண்ணன். நுரை வருவது காரத்தால் அல்ல, சபோனின் என்ற பொருளால். எண்ணெயைச் சோப்பாக மாற்றாமல், தண்ணீரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். அரக்கை அது கரைப்பதில்லை. பழைய பட்டுத் துணிகளைப் பாதுகாக்கும் அருங்காட்சியகங்களிலும் பூந்திக்கொட்டை நீர் உண்டு. ஊறவைத்து, கொதிக்கவைத்து, ஆறியபின் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து துடைக்கவேண்டும். உடனே காய்ந்த துணி. தண்ணீர் தேங்கினால் அரக்கு வெள்ளை பூக்கும். வெளிர் நிற மரமானால் பூந்திக்கொட்டையின் பழுப்பு ஏறலாம், ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்த பரம்பரை நாம். தலையில் எண்ணெய் எடுக்க ஒரு நாளாவது சோடா போட்டிருப்போமா? அலமாரிக்கு மட்டும் அந்தப் புத்தி வரவில்லை.

வலது கதவுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. துணியில் முதலில் வந்தது மஞ்சள், எங்கள் பங்கு. அப்புறம் பழுப்பு. கடைசியில் கறுப்பு. கறுப்பு வந்தபோது ஒரு மாதிரி வாசனை, ரயில்வே ஸ்டேஷன் நினைவு வந்தது. கேஸ் அடுப்பு மட்டுமே பார்த்து வளர்ந்த என் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல எப்படிப்பா சமைச்சாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. 1905 சட்டத்தில் விட்டுப்போன வரியை அவளிடம் எப்படி விளக்குவது?

இடது கதவை மிஸ்திரிதான் காப்பாற்றினார். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, புதிதாக அரக்குப் பாலீஷ் ஏற்றினார். உற்றுப்பார்த்தால் ஜோடி சேராதது தெரியும். வேலை செய்துகொண்டே கீழ்த்தட்டின் அடிப்பக்கத்தைக் காட்டினார். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த திட்டு. வயசானதால் என்று நான் நினைத்திருந்த இடம். "இதுவும் சோடாதான் பாபு. ஆனா உங்க கை இல்ல, பழசு" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நானே மாமிக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிக்கிறார்.

"கீழ்த்தட்டைத் திருப்பிப் பார்த்தியோ? கேஸ் வந்த வருஷம். இனிமே கரி கிடையாது, பளிச்சுனு வெச்சுக்கலாம்னு சோடா போட்டு ஆரம்பிச்சேன். ரெண்டு தேய்ப்புலயே போச்சு. மாமாவுக்குத் தெரியக்கூடாதுன்னு பலகையைத் திருப்பிப் போட்டுட்டேன். கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது."

"எங்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே மாமி?"

"நீ கேட்டியோ? கெமிஸ்ட்ரி படிச்சவன்னு விட்டுட்டேன்."

:-)

1977-ல் ஒருவர் கற்றுக்கொண்டது, அதே பலகையின் அடியிலேயே இத்தனை வருஷம் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது விட்டுப்போன மரச்சாமான் இருந்தால், துணியை எடுப்பதற்கு முன் அவர்களுக்கு ஒரு ஃபோன் போட்டுவிடுங்கள். அவர்கள் செய்து பார்த்ததை, கெடுத்துக்கொண்டதையும் சேர்த்து, கேட்டு எழுதி வையுங்கள். இங்கே பின்னூட்டத்தில் போட்டாலும் சரி, எனக்கு இன்னும் அஞ்சறைப்பெட்டி ஒன்று பாக்கி இருக்கிறது.